பதில் தட்டிய சுவர்

அத்தியாயம் 7

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிப்பதில்லை. ஆனாலும் வேலாயி வழக்கமான நேரத்துக்கே விழித்துக்கொண்டாள்.

எழுந்திருக்கவில்லை. கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பக்கத்துக் காம்பராவில் காளியாயி இருமினாள். பல வருஷமாகக் கேட்டுப் பழகிய இருமல். நாளைக்கு விடியும்போது இது கேட்காது என்று தோன்றியதும், இத்தனை நாள் எங்கோ ஒதுங்கி நின்ற பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களின் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஆள் உயரத்துக்குமேல் வெறும் இடைவெளிதான். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்படி இருந்தும் சுவரைத் தட்டாமல் யாரும் பேசுவதில்லை. அடுத்த காம்பராவில் இருப்பவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்களோ, சட்டென்று குரல் கொடுப்பது மரியாதையல்ல. உள்ளங்கையால் இரண்டு தட்டு. அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்தால் பேசலாம். வராவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும்.

"எந்திரி புள்ள" என்றான் மாயாண்டி. அவன் எப்போதோ எழுந்து கம்பளியை மடித்து வைத்துவிட்டிருந்தான். "வெளிய அவங்க வந்து உக்காந்திருக்காங்க."

வேலாயி கதவைத் திறந்து பார்த்தாள். காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்பில் ஒரு புதுக்குடும்பம் மூட்டைகளோடு குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இவர்கள் வெளியேறியதும் இந்தக் காம்பராவுக்குள் வரப்போகிறவர்கள். அந்தப் பெண் வேலாயியைப் பார்த்துவிட்டு, ஏதோ திருடியவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன மாதம் பெரட்டுக் களத்தில் மாயாண்டி மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கய்யாவை நோக்கிக் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அதுவே போதுமாக இருந்தது. புருஷன், பெண்சாதி இருவருடைய பேரும் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் வெட்டப்பட்டன. பேர் இல்லாதவர்களுக்குக் காம்பராவும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள்.

எங்கே போவது என்று தெரியாமல் இருந்தபோது வேலாயியின் தம்பி பழனியாண்டிதான் வழி சொன்னான். மரக்கறி லொறியில் கிளீனராக இருப்பவன் அவன். மலைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் துரைராசா ஐயா ஒரு பண்ணை வாங்கிப் போட்டிருந்தார். லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட ஆள் வேண்டும். மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே வீடும் இருக்கிறது.

"வீடா? தனி வீடா?" என்று அன்று நம்பாமல் கேட்டாள் வேலாயி.

"தனி வீடுதான்க்கா. ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டுனது. சுத்துப்பட்டுல யாருமே இல்ல."

கடைசி வார்த்தைகளை அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான்.

லயமே சாமான் தூக்க வந்தது. அம்மிக்கல்லை ஒருவர், கோழிக்கூட்டை ஒருவர், சாமி படத்தைச் சேலையில் சுற்றி ஒருத்தி. காளியாயி மட்டும் வேறு எதையும் தொடவில்லை. உடைந்த சட்டியில் சாம்பல் பரப்பி, வேலாயியின் அடுப்பிலிருந்து கங்குகளை எடுத்து மூடிக்கொண்டாள்.

"உன் அடுப்பு நெருப்பு அணையாம அங்க போயி எரியணும்டி. இங்க விட்டுட்டுப் போனா வேற எவளாச்சும் ஊதுவா" என்றாள். பிறகு மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா, ஓங்குனதுதான் ஓங்குன, ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா? சும்மா காத்துல ஓங்குனதுக்கு ஒரு காம்பரா போயிருச்சு. பாக்குறவங்களுக்காச்சும் ஒரு சந்தோசம் இருந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாயாண்டி சிரிக்கவில்லை. அவன் காம்பராவுக்குள் திரும்பிப் போயிருந்தான்.

வேலாயி எட்டிப் பார்த்தாள். வெறுமையாகிவிட்ட காம்பராவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சுண்ணாம்பு பெயர்ந்த ஓர் இடத்தில் நகத்தால் கீறிய கோடுகள் இருந்தன. வீரம்மாவின் நகம்.

வீரம்மா அவன் தங்கை. காளியாயி சுவரைத் தட்டும்போதெல்லாம் அவள்தான் ஓடிப்போய் மூன்று தட்டுவாள். தட்டி முடித்ததும் நகத்தால் சுவரில் சர்ரென்று ஒரு கீறல். வேலாயியின் மடியிலிருக்கும் மகள் நாகு, "பூனை வந்திருச்சு!" என்று கைகொட்டிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வீரம்மா கொழுந்துக் கூடையை மலையில் வைத்துவிட்டுப் போனவள் திரும்பவில்லை. கினிகத்தேனையில் ஒரு பேக்கரியில் வேலை செய்யும் சிங்களவன் சிறிபாலவோடு போய்விட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. மாயாண்டி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் லயமே பார்க்க ஒரு பானையைப் போட்டு உடைத்தான். தலைமுழுகினான். "எனக்குத் தங்கச்சி இல்ல. செத்துட்டா" என்றான். செத்தவளைத்தான் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தேடிப் போனான். நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும், நல்லதண்ணி வரைக்கும்.

போன வருஷ இனக்கலவரத்துக்குப் பிறகு பழனியாண்டி ஒரு செய்தி கொண்டு வந்தான். நோட்டன் பிரிட்ஜ் அணையில் ஒரு பெண்ணின் உடல் மிதந்ததாம். வீரம்மாதானாம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாயாண்டி எங்கும் போகவில்லை. அவளுடைய பேரை அதற்குப் பிறகு அவன் வாயால் யாரும் கேட்டதில்லை.

"ஏங்க, போவோமா?" என்றாள் வேலாயி.

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். "ம்" என்றான்.

* * *

தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கியதும் பேச்சு குறைந்தது. எல்லாரும் தோட்டத்து ஆட்கள். தேயிலைக்கு நடுவே எந்தச் சரிவிலும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். இங்கே ஆள் உயரப் புல் இரண்டு பக்கமும் சாய்ந்து பாதையை மூடியிருந்தது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தது.

ஏறி இறங்கியதும் வீடு தெரிந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, நீளமான புகைக்கூண்டு. சுற்றிலும் மண் கிளறாத பாத்திகள். அதற்கப்பால் காடு.

"ஆத்தி, எம்மாம் பெரிசு!" என்றாள் காளியாயி. "வேலாயி, நீ இங்க உன் புருசனைத் தேடறதுக்கே காலையில கிளம்பணும் போலிருக்கே."

வேலாயி வாசலைப் பார்த்தாள். பூட்டிக் கிடந்த வீடு என்று சொல்லியிருந்தார்கள். வாசல் பெருக்கியிருந்தது. ஈர்க்குக் கோடுகள் ஈர மண்ணில் அழியாமல் இருந்தன.

"நாந்தான் பெருக்குனேன்" என்றான் பழனியாண்டி, யாரும் கேட்காமலே.

உள்ளே ஒரே பெரிய அறை. அதை நடுவில் பலகைச் சுவர் அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பலகையில் ஒரு கதவு. கைப்பிடி இருந்தது, இந்தப் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. மாயாண்டி தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"அது வேணாம் மச்சான்!" பழனியாண்டியின் குரல் சட்டென்று உயர்ந்து, பிறகு தாழ்ந்தது. "அது ஐயாவோட விதைக்கிழங்கு ரூமு. அந்தப் பக்கமாத்தான் வழி. வெளிச்சம் பட்டா கிழங்கு கெட்டுருமாம். தொறக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சரிடா. அதுக்கு ஏன் கத்துற?"

காளியாயி அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கங்கு வைக்க இடம் பண்ணுவதற்காகப் பழைய சாம்பலுக்குள் கையை விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். விரல்களைச் சேலையில் துடைத்தாள். மறுபடி ஒருமுறை, மெதுவாக, சாம்பலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பழனியாண்டி, இந்த அடுப்புல யாரு சமைச்சது?"

"நாந்தான்க்கா. காலையில தேத்தண்ணி வச்சேன்."

"காலையிலயா?"

பழனியாண்டி வாசல் பக்கம் பார்த்தான். நேற்று இரவு அவன் லயத்தில், இதே காளியாயியின் காம்பராவில்தான் படுத்திருந்தான். காலையில் எல்லாரோடும் சேர்ந்துதான் மலை ஏறினான். அது காளியாயிக்கும் தெரியும், வேலாயிக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாயாண்டி வெளியே அம்மிக்கல்லை இறக்கிக்கொண்டிருந்தான்.

காளியாயி கங்குகளைக் கொட்டினாள், சுள்ளி வைத்தாள், ஊதினாள். நெருப்பு பிடித்ததும் மடியிலிருந்த திருநீற்றை எடுத்து நாகுவின் நெற்றியில் அழுத்திப் பூசினாள்.

"பனி இறங்குறதுக்குள்ள நாங்க போயிருவோம்டி" என்றாள். வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "அடுப்ப மட்டும் அணைய விடாத. என்ன ஆனாலும்."

எல்லாரும் புல்லுக்குள் இறங்கி மறைந்தார்கள். கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"மாட்ட ஓட்டிட்டு வரணும்" என்றான் மாயாண்டி. "ரோட்டுக்கடையில கட்டியிருக்காங்களாம். இருட்டுறதுக்கு முன்ன வந்துருவோம்."

"நீங்க ரெண்டு பேருமா? நான் மட்டும் எப்படிங்க?"

"மச்சான், நான் இருக்கேன்" என்று பழனியாண்டி அவசரமாகச் சொன்னான். "நீங்க போயி ஓட்டிட்டு வாங்க."

"அவங்களுக்கு உன்னத்தானே தெரியும்? என் மூஞ்சியப் பாத்து மாட்டக் குடுத்துருவானா? வாடா."

மாயாண்டி இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து வாசல் கதவுக்கு மேலிருந்த விட்டத்தில் வைத்தான். லயத்திலும் அதை அப்படித்தான் வைப்பான்.

பழனியாண்டி வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். "அக்கா, ஏதாச்சும் சத்தம் கேட்டா எலின்னு நெனச்சுக்க. எலி ஜாஸ்தி இங்க."

"எலி தேத்தண்ணி வைக்குமாடா?"

அவன் முகம் வெளுத்தது. "வந்து சொல்றேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாயாண்டியின் பின்னால் ஓடினான்.

* * *

பனி வீட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டது. சாளரத்துக்கு வெளியே பாத்திகள் மறைந்தன, பிறகு வேலி மறைந்தது. பகல் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இவ்வளவு அமைதியை வேலாயி கேட்டதேயில்லை. பிறந்ததிலிருந்து அவளைச் சுற்றி யாராவது இருமிக்கொண்டோ, ஏசிக்கொண்டோ, பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டோ இருந்திருக்கிறார்கள். இங்கே மூச்சு விடுவது தனக்கே பெரிதாகக் கேட்டது. கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்று மூட்டைகளைப் பிரித்தாள். சட்டி வந்தது, மா டின் வந்தது, கருவாடு வந்தது. ரொட்டிக்கு மா பிசையலாம் என்று உட்கார்ந்தாள். உப்பு இல்லை. உப்புச் சாடி லயத்து அடுப்பு மேட்டிலேயே நின்றுவிட்டது.

மாவிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்திலிருந்த பலகைச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?"

கேட்டுவிட்ட பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. பலகையில் தன் கையின் மா அச்சு வெள்ளையாகப் பதிந்திருப்பதைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறும் நேரத்தில்...

டக். டக். டக்.

அந்தப் பக்கமிருந்து.

எலி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னான் பழனியாண்டி. எலி என்று நினைக்கப் பார்த்தாள். எலி எண்ணித் தட்டாது.

பிறகு நகத்தால் பலகையில் ஒரு கீறல். சர்ரென்று.

மூலையில் கோழிக்குஞ்சைத் தடவிக்கொண்டிருந்த நாகு தலையை நிமிர்த்தினாள். ஏழு வயதுப் பிள்ளையின் முகம் முழுவதும் மலர்ந்தது.

"அம்மா! பூனை வந்திருச்சு!"

வேலாயி பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அணையில் மிதந்தவள். உயிரோடு இருக்கும்போதே பானை உடைத்துச் செத்தவளாக்கி, நிஜமாகவே செத்தபோது ஒரு விளக்குக்கூட ஏற்றாமல் விடப்பட்டவள். அவள் எங்கே போவாள்? அண்ணன் போகிற இடத்துக்குத்தான் வருவாள். வந்துவிட்டாள்.

இரும்பு வேண்டும் என்று தோன்றியது. நாகுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, விட்டத்திலிருந்து கத்தியை எடுத்தாள். பலகைக் கதவின் கீழே குறுக்காக வைத்தாள். கத்தி தரையில் மோதிச் சத்தம் போட்டது.

"போயிரு தாயி" என்றாள். "உனக்கு நாங்க ஒண்ணுமே செய்யல. தப்புத்தான். நாளைக்கே படையல் வைக்கிறேன். இந்தப் புள்ளைய ஒண்ணும் செஞ்சிராத. எங்களுக்குப் போக வேற எடம் இல்ல."

அடுப்பில் சுள்ளி வெடித்தது.

"அண்ணி" என்றது ஒரு குரல். "நான் சாகல."

வேலாயி பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சத்தம் போடக் கூடாதுன்னு பழனியாண்டி அண்ணன் சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்க தட்டுனதும் கை தானாத் தட்டிருச்சு."

"பேயிக்கும் குரல் இருக்கும்" என்றாள் வேலாயி. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே நாலு விரல்கள் மெல்ல வெளியே வந்தன. கொழுந்து பறித்த காலத்துத் தழும்பு விரல் நுனிகளில் இன்னும் போகவில்லை. விரல்கள் தடவித் தடவி வந்து கத்தியின் இரும்பைத் தொட்டன. தொட்டும் விலகவில்லை. அதன் மேலேயே கிடந்தன.

வேலாயி தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரலை அவற்றின்மேல் வைத்தாள். சூடாக இருந்தன.

"அப்ப அந்த அணைக்கட்டுல..."

"அது யாரோ. அண்ணன் என்னையத் தேடறத நிறுத்தணும்னுதான் பழனியாண்டி அண்ணன் அப்படிச் சொன்னாரு. கலவரத்தப்ப அவங்க ஊருல என்னைய வச்சிருக்க முடியல. அவருதான் லொறியில ஏத்தி இங்க கொண்டாந்து விட்டாரு. இன்னிக்குக் காலையிலயே வேற எடத்துக்குப் போயிரணும், முடியலன்னா இந்த ரூமுலயே ஒளிஞ்சிருக்கணும்னு சொல்லியிருந்தாரு. என்னால நடக்க முடியல அண்ணி."

"ஏன்?"

பதில் இல்லை. கனத்த உடம்பை முனகி நகர்த்தி உட்காரும் சத்தம்தான் வந்தது.

"எத்தன மாசம்?"

"இந்த மாசம்தான் பொறக்கணும்."

"அவன் எங்க?"

"கொழும்புக்கு வேலைக்குப் போனாரு. வாரேன்னாரு." கொஞ்சம் பொறுத்து, "வருவாரு" என்றாள்.

வேலாயி கேட்கவில்லை, எப்போது போனான் என்று. கேட்டால் ஒரு பதில் வரும், அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

"அண்ணன் இன்னும் அந்தக் கத்திய வச்சிருக்கா?" என்று கேட்டாள் வீரம்மா.

"நீ தொட்டுக்கிட்டிருக்கியே, அதுதான்."

இரும்புக்கு அஞ்சாத விரல்கள் சட்டென்று உள்ளே போய்விட்டன.

நாகு கதவின் அருகே குனிந்து, "அத்தை" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அழுகையை வாய்க்குள் அடக்கும் சத்தம் வந்தது.

வேலாயி யோசித்தாள். யோசிக்க அதிகம் இல்லை. மாயாண்டிக்குத் தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அவன் கத்தியைத் தூக்குவான். அல்லது வீரம்மா இருக்கும் கூரையின் கீழே இருக்க மாட்டேன் என்று இந்த இருட்டிலேயே எல்லாரையும் வெளியே இழுத்துக்கொண்டு நடப்பான். லயத்தில் இந்நேரம் புதிதாக வந்த பெண் வேலாயியின் அடுப்பில் நெருப்பு மூட்டியிருப்பாள். திரும்பிப் போக ஒரு சுவர்கூட இல்லை.

"கேளு வீரம்மா" என்றாள். "அவரு வந்த பிறகு நீ மூச்சு விடுறதுகூட எனக்குக் கேக்கக் கூடாது. யாரு தட்டுனாலும் பதில் தட்டாத. நானே தட்டுனாலும் தட்டாத. வெளங்குதா?"

"வெளங்குது அண்ணி."

"நாகு, அப்பாகிட்ட பூனைன்னு ஒரு வார்த்தை சொன்னே, தோல உரிச்சிருவேன்."

நாகு தலையாட்டினாள். வேலாயி கத்தியை எடுத்தாள். மா டின்னைத் திறந்து, மாவுக்குள் அடிவரை அதைச் செருகி, மேலே மாவைச் சமப்படுத்தி மூடினாள். நாகு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

* * *

மாட்டின் கழுத்துச் சலங்கை பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது. பிறகு மாயாண்டியின் குரல் வந்தது. அவன் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவன் யாரோடும் இவ்வளவு பேசியதில்லை.

"வேலாயி, இங்க வா! பாரு, பெரட்டுக்கு வந்த கண்டாக்கு மாதிரியே மொறைக்குது. அடிச்சா உதைக்கும், தடவுனா பால் கறக்கும். இதுக்கு எது வேணும்னு நாளைக்குக் கேக்கணும்."

அவன் சிரித்தான்.

பழனியாண்டி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டான். மாயாண்டி மாட்டை வீட்டின் பின்னால் கட்டப் போன நேரத்தில் அவளருகே வந்தான்.

"தெரிஞ்சிருச்சா?"

"பாவி. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ வந்திருப்பியா? வரலன்னா எங்க போயிருப்பீங்க?" அவன் குரல் உடைந்தது. "ரெண்டு பேரையும் வைக்க எனக்கு ஒரு வீடுதான்க்கா கெடைச்சுது."

வேலாயி உள்ளே திரும்பி நடந்தாள்.

ரொட்டியை உப்பில்லாமல் சுட்டாள். மாயாண்டி குறை சொல்லாமல் தின்றான். தின்று முடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். வேறு எங்கும் உட்காரத் தோன்றவில்லை அவனுக்கு.

"இங்க இப்படி உக்காருங்களேன், அடுப்புப் பக்கமா" என்றாள் வேலாயி.

"இருக்கட்டும்."

சாளரத்தில் கடைசி வெளிச்சம் நின்றது. பழனியாண்டி வாசலருகே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பலகைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது வேலாயியின் தோலுக்குத் தெரிந்தது.

"லயத்துல இந்நேரத்துக்குக் காளியாயி புருசன் சுருட்டுக் கேட்டுத் தட்டுவான்" என்றான் மாயாண்டி. கையைப் பின்னால் கொண்டுபோய் விளையாட்டாகப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினான்.

வேலாயியின் கையிலிருந்த கிண்ணம் நழுவப் பார்த்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா" என்றான். "இனிமே நாம தட்டுனா தட்டுனதோட சரி. கேக்க ஆளில்ல."

சுள்ளி எரிந்து விழுந்தது.

"அந்தச் சுவத்துல கீறல் இருந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேங்க."

"புதுசா வந்தவங்க வெள்ளையடிச்சிருவாங்க."

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்து உட்கார்ந்தான். வேலாயியின் மா அச்சு அதில் இருந்தது. அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை. உள்ளங்கையை அந்த அச்சின்மேல் வைத்தான். இரண்டு தட்டுத் தட்டினான். இந்த முறை விளையாட்டாக இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல இருந்தது. தட்டிவிட்டு நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டான்.

தட்டாதே, தட்டாதே என்று வேலாயி மனசுக்குள் வேண்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டக்.

நீண்ட இடைவெளி.

டக். டக்.

அப்புறம், பலகையின் மேலிருந்து கீழாக, ஒரு நகம் மெல்லக் கீறிக்கொண்டு இறங்கியது. இது பழக்கத்தில் தானாக எழுந்த கை அல்ல. தெரிந்தே தட்டிய கை.

மாயாண்டி நெற்றியை எடுக்கவில்லை. அவன் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. பழனியாண்டி எழுந்து, "மச்சான், நான் சொல்றத ஒரு நிமிசம்..." என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் வந்தான். மாயாண்டி அவனை ஒரு சாமானைப் போல ஒதுக்கிவிட்டு வாசல் பக்கம் நடந்தான். கை மேலே போனது. விட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவியது.

"கத்தி எங்க?"

குரல் தணிந்திருந்தது. கூச்சல் போட்டிருந்தால்கூட வேலாயி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். லயத்திலேயே விட்டுவிட்டோம் என்று சொல்லலாம். பழனியாண்டி எடுத்தான் என்று சொல்லலாம். வாயைத் திறந்தபோது உண்மைதான் வந்தது.

"நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான். கண்கள் ஈரமாக இருந்தன. ஆனால் தொங்கிக்கொண்டிருந்த வலக்கை விரல்கள் மட்டும் எதையோ பற்றியிருப்பது போல மடங்கியே இருந்தன.

"எங்கேன்னு எங்கிட்ட சொல்லிறாத" என்றான்.

நாகு மா டின்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வேலாயி பாய்ந்து பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு புதைத்துக்கொண்டாள். மாயாண்டி அதைப் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவன் மெல்லத் திரும்பிப் பலகைக் கதவை நோக்கி நடந்தான்.

அவன் போய்ச் சேர்வதற்கு முன்பே, அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் நகரத் தொடங்கியிருந்தது.